பழைய அரிசியும் புதிய வறட்சியும்

பர்ச்சேஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். இந்த வேலையில் நீங்கள் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது கம்ப்யூட்டரும் இல்லை, கஸ்டம்ஸும் இல்லை. வருஷா வருஷம் கோடை தொடங்கும்போது உங்கள் போனுக்கு வரப்போகும் ஒரு படம். பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலம், நடுவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், மேலே சிவப்பு எழுத்தில் ‘வறட்சி அபாயம்’. கடைசி சில வருஷங்கள் முழுக்க எனக்கு அதே பெரியவர்தான் வந்துகொண்டிருந்தார். அவருக்கு வயது ஏறவே இல்லை. எனக்குத்தான் தலை நரைத்தது.

வறட்சியே கிடையாது என்று வாதாடுகிற ஆள் இல்லை நான். கமுதிப் பக்கம் பிறந்தவன். எங்கள் கண்மாய் நிறைந்து நான் பார்த்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மழை ஒழுங்காகப் பெய்திருந்தால் நான் ஏன் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறேன்? அதனால்தான் சொல்கிறேன், வறட்சி வேறு, வறட்சி எச்சரிக்கை வேறு. முன்னது வயலுக்கு வரும். பின்னது பெரும்பாலும் விலைப் பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வரும். எச்சரிக்கை மெய்யாகி, துவரம்பருப்பு கிடைக்காமல் நாங்கள் அல்லாடிய வருஷமும் உண்டு. ஆனால் வெயில் ஏறுவதற்கு முன்பே விலை ஏறி உட்கார்ந்துகொண்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இதில் நம் ஆட்களுக்கென்றே ஒரு கோளாறு இருக்கிறது. வளைகுடாவில் உணவுச் சாமான் வாங்கி விற்கும் ஆபீஸ்களில் நம்மவர்கள் பாதிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். விலை பேசும்போது கெட்டிக்கார வியாபாரியாக இருப்போம். ‘ஊரில் மழை இல்லை’ என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்ததும் அந்த வியாபாரி எழுந்து போய்விடுவான். விவசாயி மகன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான். அவனுக்குக் கணக்கு ஓடாது. அந்த நேரத்தில் எவன் எதை நீட்டினாலும் தலையாட்டிவிடுவான்.

வெங்காயக் கூத்தைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். அப்போது நான் ஷார்ஜா ரோலாவில் ஒரு பேச்சிலர் ரூமில் இருந்தேன். ரூமில் எல்லோருக்கும் ஊரில் கொஞ்சமாவது நிலம் உண்டு, நிலத்தில் கடனும் உண்டு. ஒருநாள் வாட்ஸப்பில் ஒரு குரல் வந்தது. மழை பொய்த்துவிட்டதாம், வெங்காயம் இனி கண்ணில் காண முடியாதாம், புத்திசாலிகள் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றது. யார் பேசுகிறார், எந்த ஊரில் மழை இல்லை என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கம்பெனிக்கு வெங்காயம் வாங்குகிறவனே ரூமில் இருக்கிறேன், என்னைக்கூட யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் டூட்டி முடிந்ததும் டாக்ஸி பிடித்து மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, இரட்டைக் கட்டில்களுக்கு அடியில் தள்ளினோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே.

பகலில் எல்லோரும் டூட்டிக்குப் போய்விடுவோம், ஏசியை அணைத்துவிடுவோம். ஷார்ஜா வெயிலில் மூடிக் கிடக்கிற ரூமில் வெங்காயம் என்ன ஆகும்? முதலில் முளைத்தது, பிறகு அழுகியது. காலையில் வெங்காயச் சட்னி, மதியம் வெங்காயப் புளிக்குழம்பு, ராத்திரி வெங்காய ஊத்தப்பம் என்று தின்று பார்த்தோம். ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் கட்டட வாட்ச்மேன், பெஷாவர்க்காரர், கதவைத் தட்டி, “பாய், அந்தர் கோயி மர் கயா க்யா?” என்றார். உள்ளே யாராவது செத்துக் கிடக்கிறார்களா என்று கேட்கிறார். அதற்குள் வேறொரு நாட்டு வெங்காயம் கப்பலில் வந்து இறங்கி, கீழே பக்காலா மளிகைக் கடையில் மலிவாகக் கிடந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மூட்டைகளை இறக்கியபோது, அந்தக் கடை வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

இன்றைக்கும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த ரூம் ஆட்களை நினைத்தால் கண்ணும் கலங்குகிறது. ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். மழை என்பதே அபூர்வமான பூமி இந்த வளைகுடா. நமக்கு வேண்டிய அரிசியும் பருப்பும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆனாலும் நானிருந்த காலத்தில் கடை அலமாரி காலியாகி நான் பார்த்ததில்லை. ஓரிடத்தில் விளையாவிட்டால் இன்னோரிடத்திலிருந்து வரும், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நாள் தாமதத்தில்தான் பயப்படுகிறவன் கையைச் சுட்டுக்கொள்கிறான்.

வெங்காயம் எங்கள் மூக்கோடு போனது. அரிசி விஷயம் அப்படிப் போகவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நான் கடைசியாக வேலை பார்த்தது தொழிலாளர் கேம்ப்களுக்குச் சமைத்துப் போடும் ஒரு கேட்டரிங் கம்பெனியில். ஆபீஸ் துபாயில், கோடவுன் ஷார்ஜாவில். புஜைராவில் எண்ணெய் டாங்குகள் கட்டும் ஆட்களுக்கு ஒரு பெரிய கேம்ப், அங்கே எங்கள் கிச்சன். குவைத்திலும் ஒரு கிளை இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் என் தலையில்.

அந்த ஆபீஸை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேகும் அரிசியின் வாசனைதான். சாம்பிள் வந்தால் முதலில் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பேன். பிறகு பேன்ட்ரியில் இருந்த கரண்ட் குக்கரில் வடித்துப் பார்ப்போம். மூடியைத் திறந்ததும் அந்த ஆவி ஏசி காற்றில் ஏறி ஆபீஸ் முழுக்கச் சுற்றும். அக்கவுண்ட்ஸில் இருந்த எகிப்துக்காரர் ஒரு தட்டோடு வந்து நிற்பார். வெறும் சோற்றில் தயிரை ஊற்றிக்கொண்டு, “தமாம், தமாம்”, பிரமாதம் என்று தலையை ஆட்டுவார். எந்த அரிசியைக் கொடுத்தாலும் அவருக்குத் தமாம்தான், அதனால் அவர் தீர்ப்பை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. இப்போது சாம்பிளுக்குப் படமும் ரிப்போர்ட்டும் வருகிறதாம். நல்லதுதான். ஆனால் எனக்கு அந்த வாசனை இல்லாத ஆபீஸை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேம்ப் கிச்சனில் பழைய அரிசிதான் ஓடும். புது அரிசியைப் பெரிய அண்டாவில் போட்டால் குழைந்து களியாகிவிடும். அறுவடையாகி ஒரு வருஷமாவது மில் கோடவுனில் கிடந்த அரிசிதான் உதிரி உதிரியாக நிற்கும், நிறையவும் காணும். இது இந்தத் தொழிலில் டீ கொண்டுவருகிறவருக்குக்கூடத் தெரிந்த விஷயம். நாங்கள் வாங்கியதெல்லாம் அப்படிப்பட்ட பழைய பொன்னி.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கேம்ப்பில் கோழியும் மீனும் எண்ணித்தான் விழும். சோறும் சாம்பாரும் அப்படி இல்லை. எல்லோருக்கும் ஒரு தடவை போட்டு முடித்ததும், வேண்டியவர்கள் தட்டோடு மறுபடி வரிசையில் நிற்கலாம். ‘ரெண்டாம் ரவுண்டு’ என்பார்கள். எந்தக் காண்ட்ராக்டிலும் அது எழுதப்பட்டதில்லை. யார் ஆரம்பித்தார்கள் என்றும் தெரியாது. வெயிலில் இரும்பைத் தூக்கிவிட்டு வருகிறவனுக்கு ஒரு துண்டு மீனும் ஒரு கரண்டிச் சோறும் எந்த மூலைக்கு? உண்மையில் அவர்கள் வயிறு நிறைவது அந்த இரண்டாம் ரவுண்டில்தான்.

அந்த வருஷக் கோடையில் காங்கேயத்திலிருந்து எங்கள் அரிசி ஏஜென்ட் போன் செய்தார். நல்ல மனிதர், பல வருஷப் பழக்கம்.

“அண்ணா, இந்தத் தடவ மழையே இல்லீங்க. வாய்க்கால்ல சொட்டுத் தண்ணி கெடையாதுங்க. இப்பவே புடிச்சுப் போட்டாத்தானுங்க உண்டு. அப்பறம் என்னையக் கேக்காதீங்க” என்றார்.

சொன்ன விலை தலையைச் சுற்ற வைத்தது. அதோடு நம் வெடித்த நிலத்துப் பெரியவரின் படத்தையும் அனுப்பியிருந்தார். நான் அதை மேனேஜருக்கு அனுப்பினேன். மேனேஜர் முதலாளிக்கு அனுப்பினார். மறுநாள் காலை மேனேஜர் என்னைத் தன் ரூமுக்குக் கூப்பிட்டார். சென்னைக்காரர், நன்றாகப் படித்தவர், பேச்சில் எப்போதும் மரியாதை குறையாது.

“சார், நம்ம காண்ட்ராக்ட் எல்லாம் ஆளுக்கு இவ்ளோன்னு ஃபிக்ஸ்டு ரேட். அரிசி ஏறினா நம்ம கையதான் கடிக்கும். முதலாளி டென்ஷனா இருக்காரு. அடுத்த மாசத்துலேருந்து எல்லா கேம்ப்லயும் செகண்ட் ரவுண்ட நிறுத்திடலாம்னு இருக்கேன். டெம்பரரிதான். நீங்க பர்ச்சேஸ் சைடுலேருந்து ஒரே ஒரு மெயில் போடுங்க. வறட்சியால அரிசி விலை கடுமையா ஏறப் போகுது, சப்ளை கஷ்டம்னு. ரெண்டு வரி போதும். மீதிய நான் பாத்துக்கறேன்.”

“எப்ப வேணும்?”

“நாளன்னைக்குள்ள குடுத்துடுங்க.”

சீட்டுக்கு வந்து மெயிலைத் திறந்தேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணி இல்லை என்று ஏஜென்ட் சொன்னதுமே எங்கள் ஊர்க் கண்மாய் கண்முன்னால் வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது விவசாயி மகன்தான்.

எனக்கு எதிர் மேஜையில் டாக்குமென்ட் பார்க்கும் ஒரு பெண்மணி இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கப்பல் பேப்பர், சான்றிதழ் எல்லாம் அவர் கையில். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், சொல்லவில்லை. நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். யார் மூத்தவர் என்பதை இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. நாங்கள் இப்ப வாங்கப் போற அரிசி எந்த மழையில விளைஞ்சது?”

“எந்த மழைன்னா?”

“நாங்கள் பழைய அரிசியெல்லோ வாங்கிறனாங்கள்? அறுவடைத் தேதி என்ர பேப்பரிலதான் வரும். போன வருஷம் வெட்டின நெல்லு. போன வருஷம் அங்க மழை எப்படி?”

“நல்ல மழைதான்.”

“பிறகென்ன? இந்த வருஷத்து வெயிலுக்குப் போன வருஷத்து அரிசி ஏன் விலை கூடுது? அது வெட்டி, அவிச்சு, மூட்டையில கட்டி அடுக்கிக் கிடக்கு. அதுக்கு இனி மழை என்னத்துக்கு?”

எனக்குச் சிரிப்பதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தினமும் பழைய அரிசி, பழைய அரிசி என்றே பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் வறட்சி என்ற சொல் வந்ததும் ஒருவர் மண்டையிலும் அது உதிக்கவில்லை. அவர் விடவில்லை. வானிலைக்காரர்கள் உண்மையில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் படிக்கச் சொன்னார். படித்தேன். மழை சராசரியைவிடக் குறைய வாய்ப்பு உண்டு, சில பகுதிகளில் மட்டும் என்றிருந்தது. அந்த ‘வாய்ப்பு’ காங்கேயம் வருவதற்குள் ‘மழையே இல்லை’ ஆகி, எங்கள் மேனேஜர் ரூமுக்குள் ‘கடும் வறட்சி’ ஆகி, இனி என் கையால் ‘சப்ளை கஷ்டம்’ ஆகப் போகிறது. நடுவில் யாருமே பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்கள், அவ்வளவுதான். ஏஜென்ட்கூட அவர் ஊர் வாய்க்காலைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அவர் விற்க நினைத்தது அந்த வாய்க்காலில் இனி விளைய வேண்டிய அரிசியை இல்லை.

“அக்கா, ஒருவேளை நெசமாவே மழை வராமப் போயிட்டா?” என்றேன்.

“வராட்டில் அது அடுத்த வருஷத்துப் பிரச்சினை. அப்ப அதைப் பாப்பம். இண்டைக்கே ஏன் அந்தச் சனத்தின்ர சோத்துக் கோப்பையில கை வைக்கிறியள்?”

மெயிலை எழுதாமல் மூடிவிட்டு, மறுநாள் காய்கறி வண்டியில் ஏறி புஜைராவுக்குப் போனேன். அந்த மலைப் பாதை எனக்கு எப்போதும் பிடிக்கும். வழியில் மசாஃபியில் இறங்கி ஒரு கரக் டீ குடிப்போம். அங்கே ரோட்டோரச் சந்தையில் பழமும் பூத்தொட்டியும் கம்பளமும் அடுத்தடுத்து இருக்கும். டிரைவர் பட்டான் பாய் வண்டியில் பழைய பாட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அர்த்தம் ஒன்றும் எனக்குப் புரியாது, ஆனால் மலைக்கு அது பொருத்தமாக இருக்கும். எத்தனையோ தடவை போன பாதை. அன்றைக்குப் போனதுதான் அதிகம் நினைவில் நிற்கிறது.

கேம்ப் கிச்சனில் தலைமைச் சமையல்காரர் ஹட்டன் பக்கத்துக்காரர், தேயிலைத் தோட்டத்துக் குடும்பம். விஷயத்தைச் சொன்னதும் அவர் கை நின்றது.

“சேர், மெய்யாவா சொல்றீங்க? கறியத்தான் எண்ணிப் போடுறமே. சோத்தையும் எண்ணிப் போட்டா இந்த மனுசங்க என்னத்தத் தின்பாங்க? என் மொகத்த எப்படிப் பாப்பாங்க?”

“இன்னும் முடிவாகல. பாக்கத்தான் வந்தேன்.”

“அப்ப நின்னு பாருங்க சேர். போயிறாதீங்க.”

நின்றேன். சைட்டிலிருந்து பஸ்கள் வந்தன. சட்டையில் உப்புப் படிந்த ஆட்கள் கை கழுவிவிட்டு வந்தார்கள். முதல் ரவுண்டில் யாரும் பேசவில்லை. பசி வேகத்தில் குனிந்த தலை நிமிரவில்லை. இரண்டாம் ரவுண்டுக்கு எழுந்தபோதுதான் பேச்சும் சிரிப்பும் தொடங்கின. ஒருவன் இன்னொருவன் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனான். ஊருக்குப் போன் போட்டார்களா, லீவு கிடைத்ததா என்று அப்போதுதான் கேட்டுக்கொண்டார்கள். நான் இத்தனை வருஷம் அவர்களுக்கு அரிசி வாங்கியிருக்கிறேன், அவர்கள் சாப்பிடுவதை ஒரு நாளும் முழுசாக உட்கார்ந்து பார்த்ததில்லை.

வரிசையில் ஒருவன் என் பேச்சை வைத்து, “அண்ணனுக்கு எந்த ஊரு?” என்றான். கமுதிப் பக்கம் என்றேன். அவன் முதுகுளத்தூர்ப் பக்கமாம். முகம் மலர்ந்துவிட்டது. முப்பது வயதைத் தாண்டியவன், ஊரில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிச்சனில் நாங்கள் பேசியது அதற்குள் வரிசையில் பரவி அவன் காதுக்கும் போயிருந்தது.

“சோத்தக் குறைக்கப் போறாகளாமேண்ணே? எதுக்காம்?”

“ஊர்ல மழ இல்லையாம்ப்பா. வெல ஏறுதாம்.”

அவன் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“ஊர்ல மழ இல்லன்னுதாண்ணே நான் இங்கிட்டு வந்தேன். இங்கயும் அதையே சொல்லிச் சோத்தக் குறைச்சா, இனி எங்கிட்டுண்ணே போறது?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வழி கேட்கிறவன் மாதிரி கேட்டான். திரும்பி வரும்போது மசாஃபியில் டிரைவர் கரக் வாங்கி நீட்டினார். குடிக்கத் தோன்றவில்லை, கையிலேயே ஆறிப்போனது.

மறுநாள் மேனேஜரிடம் போய், மெயில் தர முடியாது என்றேன். கோடவுனில் இருப்பு இருக்கிறது, வாங்கப் போவது போன வருஷ நெல், தேவைக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம், வேண்டுமானால் இதையே எழுதித் தருகிறேன் என்றேன்.

“சார், நாளைக்கு விலை ஏறினா யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

“டெம்பரரிதானே சார்? நெலம சரியானதும் திருப்பிக் குடுத்துடப் போறோம்.”

“அப்ப சர்க்குலர்ல அந்தத் தேதியையும் போட்டுடுங்க.”

“எந்தத் தேதி?”

“செகண்ட் ரவுண்ட் திரும்ப ஆரம்பிக்கிற தேதி.”

அவர் சிரித்தார். “அத எப்படி சார் இப்பவே சொல்ல முடியும்?”

“நிறுத்துற தேதிய இப்பவே சொல்ல முடியுதே.”

அவர் சிரிப்பு நின்றது. எனக்கும் பயம்தான், வீரன் மாதிரி சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. கடைசியில், “சரி, யூஏஇல இப்போதைக்கு இருக்கட்டும். உங்க பொறுப்பு” என்றார். நான் இருந்த ஊரில் என் மெயில் இல்லாமல் நிறுத்த முடியவில்லை. குவைத் கிளையில் பர்ச்சேஸ் வேறொருவர். அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே இரண்டாம் ரவுண்டு நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு எதிர் மேஜையில் எங்கள் அக்கா இல்லை.

பிறகு என்ன ஆனது என்கிறீர்களா? விலை கொஞ்ச நாள் ஏறித்தான் இருந்தது. நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சமாளித்தோம். மேனேஜர் தினமும் என்னைப் பார்த்த பார்வை நன்றாகவே நினைவிருக்கிறது. அப்புறம் ஊரில் மழை தாமதமாக வந்தது, ஆனால் வந்தது. காங்கேயத்து ஏஜென்ட்டே போன் போட்டு, “அண்ணா, சரக்குத் தேங்கிப் போச்சுங்க, பாத்துப் போட்டுக் குடுக்கறனுங்க” என்றார். புஜைரா கேம்ப்பில் ஒரு நாளும் இரண்டாம் ரவுண்டு நிற்கவில்லை. ஹட்டன்காரர் நான் போகும்போதெல்லாம் ரசத்தைத் தனியாக ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுப்பார். அந்த ரசத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. நான் பார்த்த வேலையில் எனக்கு உண்மையாகவே பெருமை தந்தது அந்த ஒரு டம்ளர்தான்.

விலை இறங்கியதும் குவைத்திலும் திருப்பிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கக்கூட இல்லை. ரொம்ப நாள் கழித்து அக்காதான் ஒருநாள் பேப்பர்களைப் பார்த்துவிட்டு, “அண்ணை, குவைத்துக்கு அரிசி இன்னும் அந்தக் குறைஞ்ச கணக்கிலதான் போகுது” என்றார். மேனேஜரிடம் போனேன்.

“அங்க காண்ட்ராக்ட் ரின்யூ ஆயிடுச்சே சார். புது ரேட்டே ஒரு கரண்டி கணக்குலதான் போட்டிருக்கோம். இப்ப மாத்தினா நஷ்டம். கலாஸ், முடிஞ்சுபோச்சு, விடுங்க” என்றார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மழை பெய்ததை அவர் மறந்தேபோயிருந்தார்.

உங்களிடமும் இப்படி இரண்டு வரி கேட்பார்கள். மரியாதையாகத்தான் கேட்பார்கள், அவசரமாகக் கேட்பார்கள், தற்காலிகம்தான் என்பார்கள். ஊரில் மழை இல்லை என்றதும் உங்கள் நாற்காலியிலும் விவசாயி மகன் வந்து உட்காருவான். எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை கேம்ப்புக்குப் போய், அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று பாருங்கள். ஆபீஸ் வண்டி தராவிட்டால் காய்கறி வண்டியில் போங்கள்.

ஓய்வு பெறும் முன்பு கடைசியாகக் குவைத்துக்குப் போனேன். அப்பாசியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கி, மதியம் கேம்ப்புக்குப் போனேன். ஆபீஸ் ரூமில் சாப்பாடு எடுத்து வைக்கிறோம் என்றார்கள். வேண்டாம் என்று ஹாலிலேயே உட்கார்ந்தேன். பக்கத்தில் அறந்தாங்கிப் பக்கத்து வெல்டர் ஒருவன். நல்ல வாட்டசாட்டமான ஆள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தான்.

“தம்பி, இன்னுங் கொஞ்சம் சோறு வாங்கிக்கலாமே?” என்றேன்.

“இங்க ஒரு கரண்டிதாண்ணே. அதான் வழக்கம்.”

“எப்பலேருந்து?”

“நான் வந்ததுலேருந்தே அப்படித்தாண்ணே. மொதல்லேருந்தே அப்படித்தான் போல.”

அதற்குள் சமையல்காரர் என் தட்டைப் பார்த்துவிட்டார். ஹெட் ஆபீஸ் ஆள் வந்திருக்கிறார் என்று அண்டாவிலிருந்து ஒரு கரண்டி நிறைய அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். நான் தடுப்பதற்குள் தட்டில் போட்டுவிட்டார். ஆவி பறக்கும் பழைய பொன்னி, உதிரி உதிரியாக. நான் தட்டை அந்த வெல்டர் பக்கம் தள்ளி, “இந்தா, இது உன்னோடதுதாம்ப்பா. சாப்பிடு” என்றேன். அவன் சமையல்காரரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூச்சத்தோடு சிரித்தான்.

“வேணாம்ணே. பழகிருச்சு” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.